பெங்களூரில் கற்ற சைகை மொழி திருச்சியில் செல்லுமா, டில்லியில் செல்லுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். பெங்களூரில் இருக்கிறீர்கள், வீட்டில் தமிழ். மூன்று வயது மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று போன வருடம் உறுதியானது. சைகை மொழி கற்கலாம் என்று விசாரித்தால், இந்தியாவில் ஊருக்கு ஒரு சைகை என்கிறார்கள். தாத்தா பாட்டி திருச்சியில். கணவருக்கு ஓரிரு வருடத்தில் டில்லிக்கு மாற்றல் வரலாம். எந்த ஊர்ச் சைகையைக் கற்பது, எல்லாவற்றையும் கற்க வேண்டுமா, இல்லை, டில்லி போவது முடிவாகும்வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்கு அடியில் ஒரு பயமும் தெரிகிறது. குடும்பமே பாடுபட்டுக் கற்றது ஊர் மாறியதும் வீணாகிவிடுமோ, பிள்ளை மறுபடியும் யாரோடும் பேச முடியாமல் நின்றுவிடுவானோ என்கிற பயம்.

நான் பல வருடங்களாகச் சைகை மொழி உரைபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். பயிற்சி எடுத்தது மும்பையில், கொஞ்ச காலம் வேலை பார்த்தது டில்லியில், இப்போது பெங்களூரில். ஆஸ்பத்திரி, நீதிமன்றம், வங்கி, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்துக்கும் போயிருக்கிறேன். மருத்துவம் என் துறை இல்லை. அந்தப் பக்கம் வரும்போது நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் பயத்துக்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். பொறுக்க வேண்டாம். பெங்களூரில் காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சைகை மொழியை இந்த வாரமே தொடங்குங்கள். அது திருச்சியிலும் செல்லும், டில்லியிலும் செல்லும். அங்கங்கே தடுமாறும், ஆனால் செல்லும்.

ஏன் செல்லும் என்றால், சைகை மொழி நாம் வாயால் பேசுகிற மொழியின் கை வடிவம் கிடையாது. பெங்களூரில் காது கேளாத நண்பர்கள் கூட்டத்தில் ஒருவர் வீடு கன்னடம் பேசும், இன்னொருவர் வீடு தமிழ், மற்றொருவர் வீடு உருது. அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும்போது இந்த வேறுபாடு எங்கும் குறுக்கே வருவதில்லை. உலகம் முழுக்க இப்படித்தான். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பேசுவது ஆங்கிலம். ஆனால் இரு நாட்டுச் சைகை மொழிகளும் ஒன்றுக்கொன்று புரியாத அளவுக்கு வேறு. அமெரிக்கச் சைகை மொழிக்கு உறவு பிரெஞ்சுச் சைகை மொழியோடுதான். 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் காது கேளாதோருக்கான பள்ளி தொடங்கியபோது அங்கே கற்பிக்க வந்தவர் பிரான்ஸைச் சேர்ந்த, காது கேளாத ஆசிரியர் லாரன்ட் க்ளெர்க். ஆகவே நம் மாநில எல்லைகளை வைத்துத் தமிழ்ச் சைகை, கன்னடச் சைகை, இந்திச் சைகை என்று பிரித்துத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். சில பள்ளிகளில் தமிழையோ ஆங்கிலத்தையோ சொல்லுக்குச் சொல் கையால் காட்டும் முறை ஒன்று உண்டு. பாடப்புத்தக வாக்கியத்தைக் காட்ட அது உதவலாம். பிள்ளைக்கு முதல் மொழியாக அதைக் கொடுக்காதீர்கள். காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை.

இனி, உறுதியாகத் தெரிந்தது எது என்று பார்ப்போம். இந்திய நகரங்களின் சைகைகளை ஒப்பிட்டு முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் மதன் வசிஷ்டா. இமாச்சலப் பிரதேசக் கிராமம் ஒன்றில் பிறந்து, சிறுவயதில் கேட்கும் திறனை இழந்து, பின்னாளில் அமெரிக்காவில் பேராசிரியரானவர். அவரும் அமெரிக்க மொழியியலாளர் ஜேம்ஸ் உட்வர்டும் மற்றவர்களும் 1970களின் இறுதியில் டில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களின் சைகைகளைத் திரட்டினார்கள். சொற்களில் வேறுபாடு கண்டார்கள், ஆனால் எல்லாம் நெருங்கிய உறவுடையவை என்பதையும் கண்டார்கள். பிறகு ஜெர்மனியிலிருந்து வந்த உல்ரிக்கே செஷான் டில்லியிலும் கராச்சியிலும் ஆராய்ந்து, இரண்டு ஊரிலும் இலக்கணம் ஒன்றே, சொற்களிலும் பெரும்பகுதி பொது என்று காட்டினார். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கராச்சிக்கே அப்படி என்றால், பெங்களூரிலிருந்து திருச்சி எவ்வளவு தூரம்?

அந்த இலக்கணம் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு விதத்தில் வசதியானது. வினை பெரும்பாலும் கடைசியில் வரும். 'இல்லை', 'வேண்டாம்' வாக்கியத்தின் முடிவில் வரும், கூடவே தலையும் ஆடும். கேள்விச் சைகையும் கடைசியில்தான். 'உன் பெயர் என்ன' என்று நாம் கேட்கிற அதே வரிசை. பொதுவான கேள்விச் சைகை ஒன்று இருக்கிறது. அதோடு முகத்தைக் காட்டும் சைகை சேர்ந்தால் யார், இடம் சேர்ந்தால் எங்கே, நேரம் சேர்ந்தால் எப்போது, எண் சேர்ந்தால் எத்தனை. ஆண் என்பதற்கு மீசையும் பெண் என்பதற்கு மூக்குத்தியும் அடிப்படை. உறவுச் சொற்கள் பல இவற்றின் மேல் கட்டப்பட்டவை. கொடு, கேள், உதவு போன்ற வினைகளில் கை எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பதே யார் யாருக்கு என்பதைச் சொல்லிவிடும். 'ஆமா, இல்லையா' என்று கேட்கும் கேள்விக்குப் புருவம் உயர்ந்து தலை லேசாக முன்னால் வரும். கை மட்டும் பேசி முகம் சும்மா இருந்தால் பாதிப் பேச்சு போய்விடும். இந்த அடிப்படை எதுவும் பெங்களூரிலிருந்து டில்லிக்குப் போகும்போது மாறாது. ஒரு மொழியில் கற்கக் கஷ்டமான பகுதியும் இதுதான். அதை உங்கள் பையன் இங்கேயே கற்றுவிடுவான்.

மாறுவது சொற்களில் ஒரு பகுதி. கிழமைகள், மாதங்கள், நிறங்கள், ஐந்துக்கு மேற்பட்ட எண்கள், உறவுகளில் சில, சாப்பாட்டு வகைகள், ஊர்ப் பெயர்கள் ஆகியவற்றில் வேறுபாடு அதிகம். எழுத்துகளை விரலால் காட்டுவதிலும் இரண்டு வழி உண்டு. இந்தியாவில் பரவலாக இருப்பது பிரிட்டனிலிருந்து வந்த இருகை எழுத்து; அமெரிக்க ஒருகை எழுத்தைப் பழகியவர்களையும் சந்திப்பீர்கள். நெல்லைக்காரரும் கோவைக்காரரும் பேசிக்கொள்வதுபோல என்று பலர் விளக்குவார்கள். அளவைப் புரிந்துகொள்ள அது போதும். ஆனால் காரணம் அங்கே வேறு, இங்கே வேறு. அந்தக் காரணம் தெரிந்தால்தான் உங்கள் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கும்.

வட்டாரத் தமிழ் அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்கள் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். வீட்டில் அந்த மொழி இல்லை. பள்ளிக்கூடத்தில்தான், அதுவும் விடுதியில்தான், பெரிய பிள்ளையிடமிருந்து சின்னப் பிள்ளைக்கு அது போகிறது. மும்பையில் 1880களில் முதல் பள்ளி வந்தது. கொல்கத்தாவில் 1893. தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் ப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் என்கிற மிஷனரி அம்மையார் அதே 1890களில் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. 1880இல் மிலானில் கூடிய ஆசிரியர் மாநாடு, பேச்சுப் பயிற்சியே போதும், சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அதன் நிழல் உலகம் முழுக்க விழுந்தது, நம் பள்ளிகளிலும் நெடுங்காலம் இருந்தது. வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு வாயசைவைப் பார்க்க வேண்டும்; மணி அடித்ததும் விளையாட்டுத் திடலிலும் சாப்பாட்டுக்கூடத்திலும் சைகை பறக்கும். புத்தகத்தில் ஏறாத, ஆசிரியர் கற்றுத்தராத மொழி அது. அதனால் ஒவ்வொரு பள்ளியும் கிழமைக்கும் நிறத்துக்கும் தனக்கென்று சொல் வைத்துக்கொண்டது. டப்ளினில் ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் தனித்தனியாக இருந்ததால் ஐரிஷ் சைகை மொழியில் ஆண்களுக்கு ஒரு சொல்லும் பெண்களுக்கு ஒரு சொல்லுமாகவே வளர்ந்தது. கல்யாணமான பிறகு கணவனும் மனைவியும் ஒருவர் சொல்லை ஒருவர் கற்றுக்கொண்டார்கள். ஆகவே 'பெங்களூர்ச் சைகை' என்று நீங்கள் கேள்விப்படுவதும் உண்மையில் பெங்களூரின் சில பள்ளிகளில் படித்தவர்களின் சைகைதான். ஒரே ஊரில் இரண்டு பள்ளியில் படித்த இருவருக்குள்ளும் வேறுபாடு இருக்கும். ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அதனால் பொருந்தாத கணக்கு.

இந்த வேறுபாட்டை அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் உங்கள் பயம் பாதி குறையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கப்பன் பூங்காவில் நண்பர்கள் கூட்டம். சேலத்தில் படித்து இங்கே தையல் யூனிட்டில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர். டில்லியிலிருந்து மாற்றலாகி வந்து சில நாளே ஆன கணினி வேலைக்காரர் இன்னொருவர். முதல் சந்திப்பு. எந்தப் பள்ளி, எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா என்பதெல்லாம் தடையில்லாமல் போகிறது. அடுத்து எப்போது சந்திக்கலாம் என்று டில்லிக்காரர் ஒரு கிழமையைச் சொல்கிறார். சேலத்துக்காரர் முகம் சுருங்குகிறது. டில்லிக்காரர் விரலால் 'சாட்டர்டே'யின் எஸ், ஏ, டி எழுத்துகளை எழுதிக் காட்டுகிறார். சேலத்துக்காரருக்கு எழுத்து அவ்வளவு ஓடவில்லை. உடனே டில்லிக்காரர் 'இன்று ஞாயிறு' என்று ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முந்தைய விரலைத் தொட்டுப் புருவத்தை உயர்த்துகிறார். சேலத்துக்காரர் தலையாட்டித் தன் ஊர்ச் சைகையைக் காட்டுகிறார். டில்லிக்காரர் அதைத் திரும்பச் செய்து பார்த்துக்கொள்கிறார். அதற்கப்புறம் அன்று மாலை முழுக்க அவர் சனிக்கிழமைக்குச் சேலத்துச் சைகையைத்தான் பயன்படுத்தினார். மொத்தமும் அரை நிமிஷம் இருக்காது. மொழி தெரிந்தவர்களுக்கு ஒரு சொல் தெரியாமல் போவது இவ்வளவு சின்ன விஷயம். காது கேளாதவர்கள் நாள் முழுக்க, தங்கள் மொழி தெரியாத உலகத்தோடு இப்படிச் சுற்றிவளைத்துப் பேசிப் பழகியவர்கள். அந்தத் திறமை தங்களுக்குள் பேசும்போதும் கைகொடுக்கிறது.

சரி, சந்தேகத்துக்கு இடமான பகுதிக்கு வருகிறேன். இதெல்லாம் ஒரே மொழியின் வட்டார வடிவங்களா, அல்லது ஒரு குடும்பத்தைச் சேர்ந்த தனித்தனி மொழிகளா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. சொற்பட்டியலை வைத்து ஒப்பிட்டவர்களில் சிலர் பிரிக்கிறார்கள். கொல்கத்தாப் பக்கத்துச் சைகையைத் தனி மொழி என்றே கருதுகிறவர்கள் உண்டு. இலக்கணத்தை வைத்துப் பார்த்தவர்கள் ஒன்று என்கிறார்கள். என் வேலை அனுபவம் இரண்டாவது பக்கம் சாய்கிறது. ஆனால் நான் பெரும்பாலும் நகரத்தில், பள்ளிக்குப் போனவர்களோடு பழகியவள். பள்ளியையே பார்க்காத கிராமத்து ஆளுக்கு என் அனுபவம் பொருந்தாது. அப்படிப்பட்டவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர். அவர்கள் வீட்டுக்குள் உண்டான சைகைகளோடு மட்டும் வளர்கிறார்கள். நீதிமன்றத்தில் அப்படி ஒருவர் வந்தால் என்னைப் போன்றவர் மட்டும் போதாது. காது கேளாத உரைபெயர்ப்பாளர் ஒருவர் நடுவே இருந்து இரண்டு பக்கமும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

உண்மையிலேயே தனியான சைகை மொழி ஒன்று பார்க்க வேண்டுமானால் பெங்களூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிக்கபள்ளாபுரம் மாவட்டம், கௌரிபிதனூர் தாலுகாவில் அலிபூர் என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாகப் பிறவிச் செவிடு அதிகமாக இருந்ததால், ஊருக்குள்ளேயே ஒரு சைகை மொழி உருவானது. கேட்கிறவர்களில் பலருக்கும் அது தெரியும். காது கேளாத மொழியியலாளரான சிபாஜி பாண்டா அதை ஆவணப்படுத்தினார். வெளியூர்ப் பள்ளிகளுக்குப் போய்வரும் இளைஞர்கள் இந்தியச் சைகை மொழியைக் கொண்டுவருவதால் ஊர் மொழி சுருங்கி வருகிறது. அந்த மொழி போய்விடக் கூடாது என்று மனதார விரும்புகிறேன். உங்கள் பையனுக்கு அது தேவைப்படாது, ஆனால் 'ஒரு நாட்டில் பல சைகை மொழிகள்' என்று சொல்கிறவர்கள் எதை மனதில் வைத்துச் சொல்கிறார்கள் என்பது தெரிந்திருக்கட்டும்.

அரசு இதை எப்படிப் பார்க்கிறது என்பதும் உங்கள் முடிவுக்கு உதவும். டில்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015இல் அமைந்தது. காது கேளாதோர் அமைப்புகள் விடாமல் போராடியதால் வந்தது அது. 2018இல் 3,000 சொற்களோடு அகராதி வெளியிட்டார்கள், 2019இல் 6,000 ஆயிற்று, 2021இல் 10,000. எல்லாம் வீடியோ. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை இந்தியச் சைகை மொழியை நாடு முழுக்கத் தரப்படுத்த வேண்டும் என்கிறது. அதே பத்தியில், உள்ளூர்ச் சைகை மொழிகளை மதித்து, முடிந்த இடத்தில் கற்பிக்கவும் வேண்டும் என்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 2021 முதல் இந்தியச் சைகை மொழியையே ஒரு மொழிப்பாடமாக எடுக்கலாம். தரப்படுத்துவது நல்லதா என்பதில் சமூகத்துக்குள்ளேயே வாதம் உண்டு. சட்டம், மருத்துவம், அறிவியல் போன்றவற்றுக்குப் பொதுச் சொல் இல்லாமல் மாணவர்கள் படும் பாட்டை நேரில் பார்க்கிறேன். அங்கே அகராதி வரம். ஆனால் சனிக்கிழமைக்கு ஒரு சேலத்துச் சைகை இருந்தால் அது தவறு என்று ஒரு பிள்ளையிடம் யாரும் சொல்லக் கூடாது. கை கட்டச் சொன்ன வகுப்பறையிலிருந்து தப்பித்து வந்த சொற்கள் அவை. இவற்றைத் திருத்த வேண்டிய பிழையாகப் பார்க்கும் ஆசிரியரிடம் உங்கள் பையனை விடாதீர்கள் என்பதே என் அழுத்தமான கருத்து.

ஊர் தாண்டிச் செல்லுமா என்பதற்கு எல்லாரும் பார்த்த சாட்சி ஒன்றும் இருக்கிறது. 2023 செப்டம்பரில் பெங்களூரைச் சேர்ந்த, காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தின் இணையவழி விசாரணையில், சைகை மொழி உரைபெயர்ப்பாளர் துணையோடு கலந்துகொண்டார். அடுத்த ஆண்டு கர்நாடக உயர் நீதிமன்றத்திலும் அவர் வாதாடினார். படித்த, பல ஊர்க்காரர்களோடு பழகிய ஒருவர் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த இடத்துக்குத்தான் உங்கள் பையனும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

இப்போது பொறுக்கலாமா என்ற கேள்வி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழந்தையின் மூளை முதல் சில வருடங்களில்தான் மொழியைத் தானாக எடுத்துக்கொள்கிறது. அது காது வழியாக வந்ததா, கண் வழியாக வந்ததா என்று பார்ப்பதில்லை. சைகை பேசும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வாயால் மழலை பேசும் வயதில் கையால் மழலை பேசுகிறார்கள் என்று 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த வயதில் எந்த மொழியும் முழுசாகக் கிடைக்காத குழந்தைக்குப் பிற்பாடு எதைக் கற்பதும் கடினம், படிப்பும் சேர்த்து. ஒரு மொழியில் ஊறிய குழந்தை இன்னொரு ஊரின் கிழமைப் பெயர்களைச் சில வாரத்தில் பிடித்துவிடும். மொழியே இல்லாமல் ஐந்து வயதில் டில்லி போய் இறங்குகிற குழந்தைக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. நீங்கள் இரண்டு வருடம் பொறுத்தால், அவனுடைய மூன்று வயதும் நான்கு வயதும் போய்விடும்.

சைகை கற்றால் பேச்சு வராது என்று ஒரு தெரபிஸ்ட் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இதைப் பலர் சொல்வார்கள், இதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் கிடையாது. காக்லியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவைசிகிச்சை செய்து காதுக்குள் பொருத்தும் கேட்புக் கருவி, வைக்கலாமா, எந்தக் காதில், எப்போது என்பதை நான் சொல்லக் கூடாது. அதற்குச் செவித்திறன் நிபுணர், அதாவது ஆடியாலஜிஸ்ட், வேண்டும். பெங்களூரில் திருப்தி இல்லையென்றால், மைசூரில் 1965 முதல் நடக்கும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் இரண்டாம் கருத்து கேளுங்கள். நான் சொல்வது ஒன்றுதான்: இம்ப்ளான்ட் வைத்த குழந்தைக்கும் சைகை மொழி வேண்டும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கருவியைக் கழற்றி வைப்பார்கள். கருவியால் பேச்சு எந்த அளவுக்குத் தெளியும் என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். அது தெரியவரும் வரைக்கும் பிள்ளை எதில் யோசிப்பான், எதில் அழுது சொல்வான்?

எப்படிக் கற்பது என்றால், முதலில் காது கேளாத ஆசிரியரைத் தேடுங்கள். சைகை மொழி கற்பிப்பதற்கென்றே காது கேளாதவர்களுக்கு டிப்ளமா படிப்பு இருக்கிறது. அதை முடித்தவராக இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கு வாரம் ஒருமுறை வரச்சொல்லுங்கள், உங்களுக்கும் பையனுக்கும் சேர்த்து. செயலியில் மட்டும் கற்காதீர்கள். அந்த டில்லி மையமே 2022இல் 'சைன் லேர்ன்' என்று ஒரு செயலி விட்டிருக்கிறது. மறந்த சொல்லைத் தேட அருமையானது. தேடுவது ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். ஆனால் செயலியில் கற்றவர்கள் எல்லாரும் பெயர்ச்சொற்களாகவே கற்கிறார்கள். பையன் அடுப்பங்கரையில் நிற்கிறான், தோசைக்கல்லை நோக்கிக் கை போகிறது என்று வையுங்கள். 'தோசை' என்று ஒரு சைகை காட்டினால் ஒரு பொருளின் பெயர் அவனுக்குத் தெரியும். 'சூடு, தொடாதே, இது அப்பாவுக்கு, அடுத்தது உனக்கு, கொஞ்சம் பொறு' என்று முகத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் காரணம், வரிசை, யாருக்கு, எப்போது எல்லாம் அவனுக்குள் போகும். அவன் கண் உயரத்துக்குக் குனிந்து, அவன் பார்க்கும்போது சொல்லுங்கள். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. குழந்தை உங்களைவிட வேகமாகப் போவான், அதற்காகத்தான் காது கேளாத பெரியவர்களும் மற்றக் குழந்தைகளும் அவன் கண்ணில் அடிக்கடி பட வேண்டும் என்கிறேன்.

திருச்சிக்குத் தனியாக எதுவும் கற்க வேண்டாம். தாத்தா பாட்டிக்கு நீங்கள்தான் ஆசிரியர். பெங்களூரில் நீங்கள் கற்றதையே கற்றுக்கொடுங்கள். பாட்டி ஏற்கெனவே சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் கோவிலுக்கும் அவனோடு சில சைகைகள் உண்டாக்கியிருப்பார். அவற்றை மாற்றாதீர்கள். ஒரே பொருளுக்குப் பாட்டியிடம் ஒன்று, ஆசிரியரிடம் ஒன்று என்று இருப்பதைக் குழந்தைகள் எளிதாக வைத்துக்கொள்வார்கள். திருச்சியில் காது கேளாதோர் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் யாரையாவது அவன் சந்தித்தால் கிழமையும் நிறமும் மாறும், அவ்வளவுதான்.

டில்லி மாற்றல் வந்துவிட்டால், போவதற்கு முன் அங்கே இருக்கும் காது கேளாத குடும்பம் ஒன்றோடு வீடியோ அழைப்பில் பேசத் தொடங்குங்கள். உரைபெயர்ப்பாளர்களான நாங்கள் புதிய ஊரில் வேலைக்குப் போனால், வேலை தொடங்கும் முன் அங்கே வந்திருக்கும் காது கேளாதவரோடு பத்து நிமிஷம் சும்மா பேசிப் பார்ப்போம். எண்கள், கிழமைகள், அம்மா அப்பா அண்ணன் தங்கை, ஊர்ப் பெயர், பணம். வேறுபாடு எங்கே இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். நீங்களும் அதே வரிசையில் கேளுங்கள். சிலர் சைகையோடு வாயும் அசைப்பார்கள், அங்கே அது இந்தியாக இருக்கலாம்; உங்களுக்கு இந்தி தெரியாவிட்டாலும் கையையும் முகத்தையும் பார்த்தால் போதும். அங்கே பள்ளி தேடும்போது, ஆசிரியர்களில் எத்தனை பேர் சைகையில் பாடம் நடத்துகிறார்கள், காது கேளாத ஆசிரியர் யாராவது இருக்கிறாரா என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வகுப்பில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேட்டுப் பாருங்கள்.

பெங்களூரில் நீங்கள் எந்தப் பகுதி என்று எழுதவில்லை. அதையும், வாரத்தில் எந்த நேரம் உங்களுக்குத் தோதாக இருக்கும் என்பதையும் சொன்னால், பக்கத்தில் வீட்டுக்கு வந்து கற்றுத்தரக்கூடிய காது கேளாத ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரித்து எழுதுகிறேன்.